மோரோக்களின் வெண்கல நாதம்
குலிந்தாங் இசை பற்றி ஒரு வரலாற்று நோக்கு

பிலிப்பைன்ஸ் என்றதும் எங்கள் ஊரவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மத்திய கிழக்குத்தான். 1970களின் இறுதியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் உழைக்கப் போய் வந்தவர்கள் சொல்லும் கதைகளில் 'பிலிப்பீனி' தவிர்க்க முடியாத ஒரு பாத்திரம். ஆஸ்பத்திரியில் தாதி, கடையில் விற்பனைப் பெண், பக்கத்து வீட்டில் பணிப்பெண், விடுமுறை நாளில் கிடார் மீட்டிப் பாடும் தொழிலாளி என்று பல வேடங்களில் அவர்கள் வருவார்கள். நன்றாகப் பாடுவார்கள், ஆங்கிலம் பேசுவார்கள், எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்பதே எங்களவர்கள் கொண்டு வந்த சித்திரம். பெரும்பான்மையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அந்த நாட்டின் தெற்கே மிந்தனாவிலும் சூலுத் தீவுகளிலும் இஸ்லாத்தைப் பல நூறு வருடங்களாகப் பேணி வரும் மக்கள் இருக்கின்றனர். மத்திய கிழக்கில் எங்கள் பெண்களோடு ஒரே நகரங்களில் வேலை செய்தவர்களில் அவர்களின் பெண்களும் இருந்தனர். அவர்களுக்கு உலகம் வைத்திருக்கும் பெயரும் எங்களுக்கு உலகம் வைத்திருக்கும் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

ஐபீரிய தீபகற்பத்தை முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலிருந்தே ஸ்பானியர் முஸ்லிம்களை 'மோரோ' என்றும் போர்த்துக்கேயர் 'மௌரோ' என்றும் அழைத்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர் இங்கிருந்த சோனகரைக் கண்டதும் தமக்குத் தெரிந்த பெயரையே சூட்டினர். அதுவே ஆங்கிலத்தில் 'மூர்' என்று நிலைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பசுபிக் பக்கமாகப் போன ஸ்பானியரும் அங்கு கண்ட முஸ்லிம்களுக்கு அதே பெயரை வைத்தனர். இரு மக்களுக்கும் மொரோக்கோவுடன் எந்தத் தொடர்பும் இல்லை. வந்தவனுடைய பழைய பகைதான் எங்கள் இரு சாராருக்கும் பெயராயிற்று.

ஆசிரிய கலாசாலையில் நாங்கள் நாடுகாண் பயணங்களைப் படித்தபோது மகெல்லன் வந்தார். 1521இல் மக்தான் தீவில் அவர் கொல்லப்பட்டார் என்பதும் வந்தது. அதன் பின்னர் அந்தத் தீவுகளில் என்ன நடந்தது என்பது எங்கள் பாடத்தில் இல்லை. 1565இல் லெகாஸ்பியின் தலைமையில் ஸ்பானியர் செபுவில் குடியேறினர். 1571இல் மணிலாவைக் கைப்பற்றினர். அப்போது மணிலாவை ஆண்டவர்களில் ஒருவர் ராஜா சுலைமான் என்ற முஸ்லிம் என்பது பலருக்குப் புதினமாக இருக்கலாம். வடக்கில் இஸ்லாம் அப்போதுதான் வேரூன்றத் தொடங்கியிருந்தது. தெற்கிலோ அது பழமையானது. சூலுவின் ஹோலோத் தீவிலுள்ள ஒரு கல்லறையில் ஹிஜ்ரி 710, அதாவது கி.பி. 1310 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. சிமுனுல் தீவில் 1380ஆம் ஆண்டளவில் ஷேக் கரீமுல் மக்தூம் பள்ளிவாசல் அமைத்தார் என்பது அங்குள்ளோர் போற்றும் மரபு. 15ஆம் நூற்றாண்டில் சூலு சுல்தானகமும், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரிலிருந்து வந்த ஷரீப் முஹம்மத் கபுங்சுவானின் வழியில் மகிந்தனாவ் சுல்தானகமும் உருவாயின.

ஸ்பானியர் மூன்று நூற்றாண்டுகள் முயன்றும் இந்தத் தெற்கை முழுமையாக அடக்க முடியவில்லை. களத்தில் முடியாததை அவர்கள் மேடையில் செய்து காட்டினர். 1637இல் ஆளுநர் கோர்குவேரா படையெடுத்துச் சென்று மகிந்தனாவின் சுல்தான் குதாரத்தின் கோட்டையைத் தாக்கினார். அந்த வெற்றியைக் கொண்டாட அதே வருடம் மணிலாவில் ஹெரோனிமோ பேரெஸ் என்ற பாதிரியார் எழுதிய நாடகம் ஒன்று அரங்கேறியது. 'மோரோ-மோரோ' என்று அழைக்கப்பட்ட நாடக வகைக்கு இது ஒரு முன்னோடி. கிறிஸ்தவக் கிராமங்களின் திருநாட்களில் இந்த நாடகங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டன. முடிவு எப்போதும் ஒன்றுதான். மோரோ இளவரசன் தோற்பான், அல்லது ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவ இளவரசியை மணப்பான். மேடையில் குதாரத் தோற்றுப் போனார். வரலாற்றிலோ அவர் தப்பிச் சென்று படை திரட்டி, மேலும் முப்பது வருடங்களுக்கு மேல் ஆண்டு, 1671இல்தான் காலமானார். மாணவர்களுக்கு ஒரு சம்பவத்தை யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அது எப்படி மாறும் என்று விளக்க நேரும்போது நான் இந்தக் கதையைத்தான் சொல்வதுண்டு.

வடக்கில் இப்படி மோரோக்களைப் பற்றி மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது தெற்கில் மோரோக்கள் தம்மைப் பற்றித் தாமே வாசித்தும் பாடியும் வந்தனர். அந்த வாசிப்பின் நடுநாயகமே குலிந்தாங்.

குலிந்தாங் என்பது எட்டுச் சிறிய சேமக்கலங்கள் கொண்ட ஒரு வரிசை. எங்களுக்குத் தெரிந்த சேமக்கலம் தட்டையானது. இவையோ கவிழ்த்து வைத்த சட்டிகள் போலிருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழில்தான் மென்மரக் குச்சிகளால் அடிப்பார்கள். மரச் சட்டகத்தின் குறுக்கே கட்டிய கயிறுகளின் மேல் இவை தளர்வாக வைக்கப்படுகின்றன. ஆணி அடித்து இறுக்கினால் நாதம் செத்துவிடும். இடப்புறம் தாழ்ந்த ஒலி, வலப்புறம் உயர்ந்த ஒலி என்ற ஒழுங்கு உண்டு. ஆனால் ஒரு வீட்டுக் குலிந்தாங்கின் சுருதி அடுத்த வீட்டினுடையதைப் போல இராது. எல்லோருக்கும் பொதுவான சுருதி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தொகுதியும் தன் குடும்பத்தின் குரலில்தான் பேசும்.

மகிந்தனாவ் மக்களிடம் இதனோடு இன்னும் நான்கு வாத்தியங்கள் சேரும். தொங்கவிடப்பட்ட பெரிய சேமக்கலங்களான அகுங், நான்கு மெல்லிய சேமக்கலங்கள் கொண்ட கந்திங்கான், தோல் போர்த்திய தபகான் என்ற மேளம், தாளத்தைத் தளராமல் பிடித்திருக்கும் பபந்தில் என்ற சிறு சேமக்கலம் என்பனவே அவை. நான் ஒலிப்பதிவுகளில் கேட்டவரை, முதலில் பபந்திலின் 'கிண்கிண்' ஓசையைக் காதில் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே இடம் பிடித்துக்கொள்கின்றன. வாசிப்பில் பழைய நடை, இளைஞர் நடை என இரண்டு உண்டு. பழையது நிதானமானது. புதியது வேகமும் விரல் வித்தையும் நிறைந்தது. முதியவர்கள் இளையவர்களின் வாசிப்பை விரைவு என்று குறைசொல்வது அங்கும் உண்டு.

குலிந்தாங்கை மரபாக வாசித்தவர்கள் பெண்கள். கனமான அகுங் ஆண்களுடையது. இளம் பெண்ணும் ஆணும் நேரில் பேசிப் பழகுவது வழக்கமல்லாத சமூகத்தில், பலர் கூடியிருக்கும் சபையில் அவள் குலிந்தாங்கின் முன் அமர்ந்தும் அவன் அகுங்கின் அருகே நின்றும் வாசிப்பது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள அனுமதிக்கப்பட்ட வழியாக இருந்தது. கந்திங்கானைப் 'பேசும் சேமக்கலம்' என்றே சொல்வார்கள். பேச்சின் ஏற்ற இறக்கத்தை அதில் வாசித்து, தூரத்திலிருப்பவருக்குச் செய்தி அனுப்ப முடியும். காதல் சொல்லவும் ஆபத்தை எச்சரிக்கவும் அது பயன்பட்டிருக்கிறது.

கல்யாண வீட்டிலும் விருந்தினரை வரவேற்கும் சபையிலும் குலிந்தாங் ஒலித்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவரை வழியனுப்பவும், போய் வந்தவரை எதிர்கொள்ளவும் ஒலித்தது. பள்ளிவாசலுக்குள் அது வாசிக்கப்படவில்லை. நோன்பு நாட்களிலும் முக்கியமானவர் ஒருவர் மௌத்தான துக்க காலத்திலும் அதை மூடி வைத்தனர். அதேவேளை நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்பவும் நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கவும் அகுங் முழங்கியது. சஹர் பாவாக்களின் றபான் ஒலி கேட்டு எழுந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எது எங்கே ஒலிக்கலாம், எங்கே ஒலிக்கக் கூடாது என்ற வரம்பை அந்த மக்கள் தாமே வகுத்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் தம் தீனையும் தம் நாதத்தையும் ஒன்றாக வைத்திருந்தனர். இந்த ஏற்பாடு பல நூற்றாண்டுகள் நிலைத்தது என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டிய செய்தி.

லனாவ் ஏரியைச் சுற்றி வாழும் மரனாவ் மக்களிடம் இதற்கு இணையான வாய்மொழிச் செல்வம் ஒன்று இருக்கிறது. தரங்கேன் என்ற காவியம் அது. 17 சுற்றுகளும் 72,000 அடிகளும் கொண்டது. பந்துகன் என்ற வீரனின் கதை உட்பட, இஸ்லாம் வருவதற்கு முந்திய உலகம் ஒன்று அதில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கல்யாண இரவுகளில் அதன் பகுதிகளைப் பாடுவார்கள். கலிமாச் சொன்ன பின்பும் மரனாவ் மக்கள் தம் பாட்டன்மாரின் கதையை எரித்துவிடவில்லை. 1980களில் மராவி நகரிலுள்ள மிந்தனாவ் அரச பல்கலைக்கழகம் இதனை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் பல தொகுதிகளாக வெளியிட்டது. அந்தப் பணியை முன்னின்று செய்தவர் மரியா தெலியா கோரோனெல் என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. 2005இல் யுனெஸ்கோ தரங்கேனை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பிரகடனம் செய்தது.

இனி அமெரிக்கர் காலம். 1898 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயின் 2 கோடி டொலருக்குப் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தான் ஒருபோதும் முழுதாக ஆளாத மோரோ நிலத்தையும் சேர்த்தே அது கொடுத்தது. 1904இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்பைன்ஸ் மக்களைக் கூட்டமாகக் கொண்டுபோய்க் 'கிராமங்கள்' அமைத்து வைத்தனர். லனாவ் மோரோக்களும் சமால் மோரோக்களும் அங்கே கட்டணம் செலுத்தி வந்தவர்கள் பார்க்கும் காட்சிப் பொருள்களாயினர். அதற்கு இரண்டு வருடங்களின் பின்னர், 1906இல், ஹோலோவில் புத் தஹோ என்ற எரிமலை வாயில் ஒதுங்கியிருந்த மோரோக்களை அமெரிக்கப் படை சூழ்ந்து கொன்றது. பெண்களும் பிள்ளைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒரு கையால் காட்சிப்படுத்துவதும் மறு கையால் கொல்வதும் ஒரே ஆட்சியின் இரு வேலைகளாக இருந்தன.

அதன் பின்னர் நடந்தது எங்கள் கிழக்கில் வாழ்பவர்களுக்கு உடனே விளங்கக்கூடியது. அமெரிக்க ஆட்சியிலும் 1946இல் சுதந்திரம் கிடைத்த பின்பும் வடக்கிலிருந்தும் நடுத் தீவுகளிலிருந்தும் கிறிஸ்தவ விவசாயிகள் அரசின் ஆதரவோடு மிந்தனாவில் குடியேற்றப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு பெரும்பான்மையாக இருந்த முஸ்லிம்கள் நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராயினர். காணி போனால் கல்யாண வீடும் சுருங்கும். கல்யாண வீடு சுருங்கினால் குலிந்தாங் வாசிக்கும் முற்றமும் சுருங்கும்.

இந்தச் சுருக்கம் தொடங்கிய காலத்தில்தான் தலைநகரத்தவர்களின் கவனம் அந்த இசையின் பக்கம் திரும்பியது. அது இரண்டு வழிகளில் நிகழ்ந்தது.

ஒன்று ஹோசே மசேதாவின் வழி. 1917இல் பிறந்த மசேதா பாரிசில் பியானோ பயின்றவர். 1950களில் தன் நாட்டு மலைவாசிகளின் இசையைக் கேட்ட பின்னர், தான் கற்றது மட்டுமே இசையல்ல என்று உணர்ந்து ஒலிப்பதிவுக் கருவியோடு ஊரூராகத் திரிந்தார். மகிந்தனாவ் இசை பற்றி ஆய்வு செய்து 1963இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2004இல் அவர் காலமானார். அவர் சேகரித்த ஒலிநாடாக்களும் குறிப்புகளும் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 2007இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. வாசித்தவரை வாசித்தபடியே கேட்டுப் பதிந்து வைத்தமை அவர் செய்த பெரும் உபகாரம்.

மற்றது பாயனிஹான் நடனக் குழுவின் வழி. 1957இல் மணிலாவிலுள்ள பிலிப்பைன்ஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் ஹெலேனா பெனிதெஸ் தொடங்கிய இக்குழு 1958இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆடிப் புகழ் பெற்றது. அடுத்த வருடம் நியூயோர்க் பிரோட்வே அரங்கிலும் ஆடியது. வெளிநாட்டார் கண்ணில் பிலிப்பைன்ஸ் கலை என்றால் இதுவே என்றாயிற்று. அதன் நிகழ்ச்சிகளில் மிகவும் பேர்போனது சிங்கில் என்ற மரனாவ் நடனம். தரங்கேன் காவியத்தின் இளவரசி, பூமி அதிர்ந்து மரங்கள் விழும் காட்டில் ஒயிலாகக் கால் வைத்து நடந்து தப்பும் கட்டத்திலிருந்து வந்ததாக அதனைச் சொல்வர். இரு கைகளிலும் விசிறி, காலடியில் மோதித் திறக்கும் மூங்கில்கள். பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் மரனாவ் கலைஞர்களும் அறிஞர்களும் இதில் தம் நடனத்தைக் காணவில்லை. உயர்குலப் பெண்கள் அடக்கத்தோடு ஆடியது, வேகம் கூட்டப்பட்ட காட்சியாக மாறியது. இளவரசன் ஒருவன் வாளும் கேடயமும் ஏந்தி நடுவே வந்தான். உடையும் பாவனையும் மேடைக்காகத் திருத்தப்பட்டன. சிங்கிலை உலகறியச் செய்தது பாயனிஹான் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் மணிலாவின் கல்லூரி மாணவிகள் முஸ்லிம் இளவரசிகளாக வெளிநாடுகளில் கைதட்டல் பெற்ற அதே வருடங்களில்தான் மிந்தனாவில் உண்மையான முஸ்லிம் பெண்கள் தம் காணிகளை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். முன்பு மோரோ-மோரோ மேடையில் மோரோ எதிரியாக வந்தான். இப்போது அலங்காரமாக வந்தான். இரண்டு மேடைகளையும் அமைத்தவர்கள் மற்றவர்களே.

1968இல் கொரெகிதோர் தீவில் பயிற்சி பெற்ற முஸ்லிம் இளைஞர்கள் கொல்லப்பட்ட செய்தி மோரோ இளைஞர்களைக் கொதிக்க வைத்தது. 1972இல் ஜனாதிபதி மார்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்ததும் மோரோ தேசிய விடுதலை முன்னணியின் போர் பரவியது. 1974இல் ஹோலோ நகரம் எரிந்தது. ஸ்பானியன் இகழ்ச்சியாக வைத்த 'மோரோ' என்ற பெயரை அந்த இளைஞர்கள் தாமாகவே எடுத்து 'பங்சமோரோ', அதாவது மோரோ தேசம், என்று நெஞ்சில் சூடிக்கொண்டனர். 1976இல் லிபியாவின் திரிப்போலியில் முதலாவது உடன்படிக்கை கைச்சாத்தானது.

அதே 1976இல்தான் தனொங்கான் கலந்துயான் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போனார். மகிந்தனாவின் தாது பியாங் பகுதியில் 1947இல் இசைக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். வோஷிங்டன் பல்கலைக்கழகம் அவரைக் கலைஞராக அழைத்தது. அவருக்கு முன்பே உஸோபே காதர் என்ற மரனாவ் இசைஞர் அங்கு போய்க் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். கலந்துயான் எட்டு வருடங்கள் அங்கிருந்து கற்பித்து, இனவரைவு இசையியலில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். பின்னர் சென் பிரான்சிஸ்கோ சென்று பலபுனியான் என்ற குலிந்தாங் குழுவை நடத்தினார். 1995இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமைக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. 2016இல் காலமாகும் வரை கற்பிப்பதை அவர் நிறுத்தவில்லை.

அவரிடம் கற்றவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்த பிலிப்பைன்ஸ் இளைஞர்கள். கிறிஸ்தவக் குடும்பத்தவர்கள். மோரோ-மோரோ நாடகம் பார்த்து வளர்ந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள். ஸ்பானியன் வருவதற்கு முன் தம் முன்னோரிடம் என்ன இருந்தது என்று தேடிய அவர்களுக்கு விடை ஒரு முஸ்லிம் வாத்தியாரின் முன் சம்மணமிட்டு அமர்ந்தபோது கிடைத்தது. வடக்கில் ஞானஸ்நானத்தோடு மறைந்து போன ஒன்றை, அடங்க மறுத்த தெற்கு கொண்டிருந்தது. அதை அவர்கள் வாத்தியாரின் அனுமதியோடு, அவர் சொன்ன ஒழுங்கில் கற்றனர் என்பதுதான் முன்னைய இரண்டு மேடைகளுக்கும் இதற்குமுள்ள வித்தியாசம்.

நியூயோர்க்கில் இன்னொருவர். பொத்ரி ரங்கா மனிஸ் என்ற மரனாவ் பெண்மணி 1992இல் அங்கே கிந்திங் சிந்தாவ் என்ற நடன நாடகக் குழுவை ஆரம்பித்தார். அவருடைய தொழில் தாதி. பிலிப்பைன்ஸ் தாதி என்றால் நம்மவர்கள் மனதில் வரும் முகங்களில் இப்படியொரு முகமும் உண்டு. பகலில் நோயாளியைப் பார்த்துவிட்டு மாலையில் தரங்கேனின் கதைகளைப் பிள்ளைகளின் காலுக்கும் கைக்கும் கடத்துகிற முகம்.

இனி ஊருக்குள் எழுந்த கேள்விக்கு வருகிறேன். எமது வாசகர்கள் இதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். 1970களின் பின்னர் மத்திய கிழக்கில் மார்க்கக் கல்வி பெற்று மிந்தனாவுக்குத் திரும்பிய உஸ்தாதுகள் பலர் வாத்திய இசையைக் கண்டித்தனர். 1980களில் கொத்தபாத்தோவில் தயுந்தாய் என்றொரு புதிய வடிவம் பிரபலமாகியிருந்தது. ஒரு பெண்ணும் அவளை விரும்பும் ஆண்களும் கிடாரோடு பாட்டுக்குப் பாட்டு போட்டியிடும் இரவு நிகழ்ச்சி அது. உலமாக்கள் அதை எதிர்த்தனர். அவர்கள் மீது பெருமதிப்பு வைத்திருந்த சாதாரண மக்களே அந்த நிகழ்ச்சிகளுக்கும் தொடர்ந்து போனார்கள். குலிந்தாங்கைக் கல்யாண வீட்டில் தவிர்ப்பதும் சில இடங்களில் வழக்கமாயிற்று. யாரையும் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. வரலாறு கற்பிப்பவன் என்ற வகையில் ஒரு மனிதரை மட்டும் இங்கு சாட்சிக்கு அழைக்கிறேன்.

அவர் பெயர் சமாஓன் சுலைமான். மகிந்தனாவின் மமசபானோவைச் சேர்ந்தவர். குத்யாபி என்ற இரண்டு தந்திகள் கொண்ட நீண்ட யாழைப் பதின்மூன்று வயதளவில் தன் மாமாவிடம் கற்றார். ஒரு தந்தி ஆதார சுருதியைத் தர, மற்றது மெட்டை வாசிக்கும். அதன் ஓசை மிகவும் மெல்லியது. பக்கத்தில் அமர்ந்தவருக்குத்தான் கேட்கும். 1993இல் பிலிப்பைன்ஸ் அரசு மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதை முதன்முதலாக வழங்கியபோது அதைப் பெற்ற மூவரில் அவர் ஒருவர். சீவனோபாயத்துக்கு அவர் முடி திருத்தினார். தன் ஊரான லிபுதானின் பள்ளிவாசலில் இமாம்களில் ஒருவராகவும் இருந்தார். தொழுகை நடத்திய அதே மனிதர்தான் இளைஞர்களுக்குக் குத்யாபி பழக்கினார். 2011இல் அவர் வபாத்தானார்.

நான்கு வருடங்களின் பின், 2015 ஜனவரியில், மமசபானோ என்ற பெயர் உலகச் செய்தியில் வந்தது. அங்கு நடந்த மோதலில் 44 பொலிஸ் அதிரடிப்படையினரும் மோரோ போராளிகளும் பொதுமக்களும் கொல்லப்பட்டனர். அன்றிலிருந்து அந்த ஊர் அந்தச் சம்பவத்தின் பெயராகவே அறியப்படுகிறது. குத்யாபியின் ஊர் என்று யாரும் சொல்வதில்லை. 2017இல் மராவிக்கும் அதுவே நேர்ந்தது. தரங்கேனைப் பதிப்பித்த பல்கலைக்கழகத்தின் நகரம் அது. ஐ.எஸ். இயக்கத்தோடு தம்மை இணைத்துக்கொண்ட ஆயுதக் குழுக்களுக்கும் இராணுவத்துக்கும் இடையே ஐந்து மாதங்கள் நடந்த சண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். குலிந்தாங் ஒரு குடும்பச் சொத்து, தாயிடமிருந்து மகளுக்குப் போவது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு நகரத்தின் நடுப்பகுதி தரைமட்டமாகும்போது எத்தனை வீடுகளின் குரல் அடங்கியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்தச் சுருதியில் இன்னொன்று உலகில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

2019இல் மக்கள் தீர்ப்பின் மூலம் பங்சமோரோ தன்னாட்சிப் பிரதேசம் அமைந்தது. கலாசார மரபுரிமையைப் பேணுவதற்கென ஓர் ஆணைக்குழுவும் அதற்கு உண்டு. அகா மாயோ புதோகான் என்ற மகிந்தனாவ் பெண் ஆசான் மணிலாவில் கற்பித்தபோது எட்டுச் சேமக்கலங்களுக்கும் இலக்கமிட்டு எழுதும் முறையை உருவாக்கி, 1987இல் நூலாகவும் தந்திருக்கிறார். ஏட்டிலும் நாடாவிலும் சட்டத்திலும் குலிந்தாங்குக்கு இன்று இடம் இருக்கிறது. ஆனாலும் கலந்துயானிடம் கற்றவர்கள் இலக்கத்தைப் பார்த்து அதைக் கற்கவில்லை. கையைப் பார்த்துக் கற்றனர். குருவின் கை ஒரு தடவை போனது போல மறு தடவை போகாது. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் இசை இருக்கிறது.

எமது நிலைமையை இதனோடு முழுதாக ஒப்பிட முடியாது. எனினும் கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில் வயலிலும் பரணிலும் பெண்களும் ஆண்களும் பாடிய கவிகள், களிகம்பு, பக்கீர்மாரின் பைத்து, கல்யாண வீட்டுக் குரவை ஆகியவற்றில் எவை எஞ்சியுள்ளன என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊரை எண்ணிப் பார்க்கலாம். எஸ். முத்துமீரான் போன்றோர் கவிகளைத் தேடித் தொகுத்து நூல்களாக்கியிராவிட்டால் அவற்றின் சொற்கள்கூட எமக்குக் கிடைத்திருக்காது. சொற்கள் இப்போது அச்சில் இருக்கின்றன. இராகம் அச்சில் ஏறாது. அது சில மூத்தம்மாமாரின் தொண்டையில் மட்டும் இருக்கிறது. இன்று எல்லோர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசி உண்டு என்பது மசேதாவுக்குக் கிடைக்காத வசதி.

மோரோக்களின் வரலாறு எமக்குச் சொல்வது, பதிவு செய்வது பாதி வேலை என்பதுதான். தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மூத்தம்மாவிடம் போகிறவர்கள், பக்கத்தில் இருத்துவதற்கு ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.